நியூட்ரல்தான் என்று சொன்னேன்

சென்ற வருடம் மாசி மாதத்தில், பழவேற்காடு ஏரிக்கரையில் கோட்டைக்குப்பம் பக்கத்தில் ஒரு காலை நேரத்தில் நடந்தது இது. என் பேர் தெரிய வேண்டாம். கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன், பொன்னேரியில் இருக்கிறேன் என்பது போதும்.

என்னிடம் ஒரு பழைய டீசல் ஜீப் உண்டு. விற்றுவிடு என்று வீட்டில் சொல்லாத நாள் இல்லை. அதைப் பழுது பார்ப்பதில் எனக்கு ஒரு கர்வம். மெக்கானிக்கிடம் விட மாட்டேன். அன்று மகள் ஊரிலிருந்து வந்திருந்தாள். இறால் வாங்கலாம் என்று காலையிலேயே கிளம்பி, பல வருடமாக எனக்கு இறால் தரும் குடும்பத்தைத் தேடிப் போனேன். கணவன் ஏரியில் வலை போடுகிறவர். மனைவி இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து கையாலேயே இறால் தடவிப் பிடிப்பவர்.

அந்தக் கரையில் வண்டி நிறுத்துவதற்கு ஒரு முறை உண்டு. உப்புக் காற்றில் ஹேண்ட்பிரேக் கம்பி சீக்கிரம் செத்துவிடும். அதனால் மூக்கு தண்ணீரைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ் கியரில் போட்டு, முன் சக்கரத்துக்கு ஒரு கல் வைப்பார்கள். அவர்களைப் பார்த்து நானும் அப்படித்தான் செய்வேன்; அன்றும் செய்திருந்தேன். என் வீட்டு வாசலில் தரை சமம். அங்கே எப்போதும் நியூட்ரல்தான்.

இறாலை வாங்கிக்கொண்டு வந்து, கிளட்சை மிதித்தபடி சாவியைத் திருப்பினேன். ஒரு சத்தமும் இல்லை. 'டக்' என்று கூடக் கேட்கவில்லை. ஹெட்லைட்டைப் போட்டேன், பளிச்சென்று எரிந்தது. ஹாரன் ஊரைக் கூட்டியது. அப்படியானால் பேட்டரியில் குறை இல்லை. பானெட்டைத் திறந்து பேட்டரி முனைகளில் பூத்திருந்த பச்சையைச் சுரண்டி இறுக்கினேன். வீல் ஸ்பானரால் ஸ்டார்ட்டர் மோட்டாரை இரண்டு தட்டு தட்டினேன். பயனில்லை.

கணவன் கொஞ்ச தூரத்தில், கரையேற்றிய படகில் சாய்ந்து வலையைச் சரிசெய்ய உட்கார்ந்திருந்தார். வலையின் ஒரு முனையை எதிலாவது கட்டி விறைப்பாக இழுத்துக்கொண்டு, கால் பெருவிரலில் கண்ணியை மாட்டியபடி பின்னுவது அவர்கள் வழக்கம்.

"இன்னா சார், வண்டி இங்கயே குடித்தனம் பண்ணப் போவுதா? அப்ப இந்த வலைய பம்பர்ல கட்டிக்கவா? நல்ல தூணாட்டம் நிக்குது" என்றார்.

அவர் மனைவி சிரித்தார். "தூணாவது பேசாம நிக்கும். இது ஹாரன் அடிக்குதேய்யா!"

எனக்கும் சிரிப்பு வந்தது. "கட்டிக்கோப்பா, எங்கே போகப் போகிறது?" என்றேன். அந்த வார்த்தையை நானே சொன்னேன். அவர் வலையின் முனையை முன் பம்பரில் கட்டிவிட்டுப் படகடியில் போய் உட்கார்ந்தார்.

மறுபடி குனிந்தேன். சாவியிலிருந்து ஸ்டார்ட்டருக்கு வரும் சின்ன ஒயர் உப்பில் அரித்துப்போய் ஒரு நாரில் தொங்கிக்கொண்டிருந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் வேறெதுவும் மண்டையில் ஏறவில்லை. அந்த ஒயர் இல்லாமலே மோட்டாரைச் சுற்ற வைக்கலாம். பேட்டரியிலிருந்து வரும் தடித்த முனையையும் அந்தச் சின்ன ஒயர் சேரும் முனையையும் ஸ்குரூடிரைவரால் தொட்டால் போதும். பலமுறை செய்திருக்கிறேன். எல்லாம் என் வீட்டு வாசலில்.

தொடப் போகும்போது அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து கேட்டார். "சார், கியர்ல கீதா, நியூட்ரலா?"

"நியூட்ரல்தான்" என்றேன். தலையைத் தூக்கவில்லை. இரண்டடி நடந்து கியர் கம்பியைப் பார்க்கவில்லை. வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கான பதிலை ஏரிக்கரையில் சொன்னேன்.

பொறி பறந்தது. ஜீப் ஒரு துள்ளு துள்ளி, இன்ஜின் பிடித்துக்கொண்டு, ஆளில்லாமல் பின்னோக்கி மேட்டில் ஏறத் தொடங்கியது. பானெட் விளிம்பு என் தோளில் இடித்து என்னை மணலில் தள்ளியது. எழுந்து பார்த்தபோது வலை கம்பி போல விறைத்திருந்தது. அதன் மறுமுனையில் அவர் மல்லாந்து கிடந்து, ஒரு காலை முன்னால் நீட்டியபடி மணலில் இழுபட்டு வந்துகொண்டிருந்தார். விரலில் இருந்த நைலான் கண்ணி சுருக்காகிவிட்டது. அவர் கத்தவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

ஓடிப்போய் உள்ளே இருக்கும் குமிழை இழுத்தால் இன்ஜின் நின்றுவிடும். வண்டி நடைவேகத்தில்தான் போனது. எனக்கு அது தெரியும். யாருக்கும் என்னால் விளக்கிச் சொல்ல முடியும். ஆனால் கால் அசையவில்லை. கையில் ஸ்குரூடிரைவரோடு நின்றேன்.

அவர் மனைவிதான் பாய்ந்தார். நூல் அறுக்க வைத்திருந்த கத்தியை எடுத்து வலையின் குறுக்கே விழுந்து அறுத்தார். அவர்களிடம் இருந்தது அந்த ஒரு வலைதான். மேல் கயிறு, கண்ணி என்று பார்க்காமல், "நைனா, நைனா" என்று செத்துப்போன தகப்பனைக் கூப்பிட்டபடி வெட்டித் தள்ளினார். கடைசி இழை அறுந்ததும் ஜீப் வேகமெடுத்துப் போய்ப் பனைமரத்தில் மோதி நின்றது.

ஓடிவந்தவர்கள் அவரை மீன் ஏற்றும் ஆட்டோவில் பொன்னேரிக்குக் கொண்டுபோனார்கள். நானும் ஏறிக்கொண்டேன். என் சட்டையெல்லாம் இறால் வாடை. விரலைக் காப்பாற்ற முடியாது என்று எடுத்துவிட்டார்கள். எப்படி ஆனது என்று மருத்துவர் கேட்டபோது, பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். "பழைய வண்டி டாக்டர். உப்புக் காத்து. தானா கெளம்பிக்கிச்சு."

நான் மறுக்கவில்லை. குப்பத்திலும் அந்தப் பேச்சே நிலைத்தது. பாவம் சார், அவருக்கும் தோளில் அடி என்றார்கள். புது வலை வாங்கிக் கொடுத்தேன். பெரிய மனசு என்றார்கள். அதையும் கேட்டுக்கொண்டேன். நான் சொன்ன பதில் அவருக்கு ஞாபகம் இருக்காது, வலியில் மறந்திருப்பார் என்று நம்பிக்கொண்டேன். நம்பினேன் என்பதைவிட வேண்டிக்கொண்டேன் என்பதே சரி.

தூக்கம் கெட்டுப்போய், சித்திரையில் ஒரு நாள் பஸ் ஏறிப் போனேன். அதே படகடியில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். கண்ணி இப்போது இடது கால் விரலில் இருந்தது. பழக்கமில்லாத கால், நழுவி நழுவிப் போனது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, நழுவும்போதெல்லாம் எடுத்து மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

நின்றபடியே சொன்னேன். வண்டி தானாகக் கிளம்பவில்லை, கியரில் போட்டவன் நான், பார்க்காமல் மோட்டாரைத் தொட்டவனும் நான் என்றேன். அப்போதும் அவர் கேட்ட கேள்வியைப் பற்றி நான் சொல்லவில்லை.

அவர் ஊசியை நிறுத்தினார்.

"தெரியும் சார். நான் கேட்டனே. நீங்க நியூட்ரலுன்னு சொன்னீங்க." காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னார். "கண்ணியிலேந்து வெரல எடுக்கத்தான் கேட்டேன். நீங்க சொன்னதும் எடுக்கல."

அந்தக் கேள்வி ஏதோ பேச்சுக்குக் கேட்டது என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

"அப்படியானால் ஆஸ்பத்திரியில் ஏன் மாற்றிச் சொன்னாய்?" என்று கேட்டேன்.

அவர் ஊசியை மறுபடி ஓட்டத் தொடங்கினார். மனைவிதான் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "வேணும்னா செஞ்சீங்க? அப்பவே நீங்க செத்த பொணம் மாதிரி நின்னீங்க. அதுமேல இன்னா சொல்றது? உக்காருங்க சார், வெயில்ல நிக்காதீங்க."

உட்கார்ந்தேன். கண்ணி மறுபடி நழுவியது. இந்த முறை என் பக்கமாக விழுந்ததால் நான் எடுத்து அவர் விரலில் மாட்டினேன். அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

ஜீப்பை விற்றுவிட்டேன். ஆனால் அந்த ஒரு சொல்லை விற்க முடியவில்லை. இப்போதெல்லாம் வாசல் கதவைப் பூட்டியாயிற்றா என்று மனைவி கேட்டால்கூட, பூட்டியது நிச்சயமாகத் தெரிந்தும் எழுந்து போய்த் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன். என் பதிலை நம்பி யாரோ ஒருவர் காலை எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறார் என்றே தோன்றுகிறது.