டிரைவர் எங்கே ஒதுங்குவார்?

டிப்போவில் அப்பாவுக்கு ஒட்டகம் என்று பெயர். காலை ஐந்தரைக்கு வண்டியை எடுத்தால் மதியம் இரண்டு மணிக்கு இறங்கும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் வாயில் படாது. இருபத்தொன்பது வருஷம் டவுன் பஸ்ஸை அப்படித்தான் ஓட்டினார். இன்ஜின் சூடு இடது காலை வேகவைக்கும். பாவம் பார்த்து யாராவது பாட்டிலை நீட்டினால், "வேணாம்மா, நான் குடிச்சா வண்டி நின்னுடும்" என்பார். பஸ்ஸே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். சிரிக்கவைப்பதற்காக அவர் அதைச் சொல்லவில்லை என்பது, இரண்டு சிறுநீரகமும் கெட்டு அவர் படுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இத்தனைக்கும் நான் படித்தது போக்குவரத்துத் திட்டமிடல். என் படிப்பில் இடி விழ.

மேல்படிப்பு, ஆய்வு என்று மூன்று வெளிநாடுகளுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பேசுவோம். சாப்பிட்டாயா, தூங்கினாயா எல்லாம் அம்மாவின் இலாகா. அப்பாவுக்குப் பஸ் கதை சொல்ல வேண்டும். முதல் நாட்டில் வயசானவர்கள் ஏறும்போது பஸ்ஸே ஒரு பக்கமாகக் குனிந்து கொடுப்பதைச் சொன்னேன். ஏறுகிற ஒவ்வொருவருக்கும் டிரைவர் வணக்கம் சொல்வதைச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டிவிட்டுக் கேட்டார்:

"சரி பாப்பா, அந்த டிரைவர் எங்க ஒதுங்குவார்?"

"ஏம்ப்பா, இவ்வளவு சொல்றேன், இதுதான் கேக்கத் தோணுச்சா?"

"சும்மா கேட்டேன். பார்த்துச் சொல்லு."

அடுத்த வாரம் பார்த்துச் சொன்னேன். கடைசி நிறுத்தத்தில் டிரைவர்களுக்கென்றே கழிப்பறையோடு ஒரு சின்ன அறை இருந்தது. அங்கே அவர்கள் பத்து நிமிஷம் நிற்பது கால அட்டவணையிலேயே போட்டிருந்தது.

"அந்த ரூம் சாவி அவர் கையிலயே இருக்குமா?"

"ஆமாப்பா."

"நல்லா இருக்கட்டும்" என்றார்.

இரண்டாவது நாட்டில் ஆறு மாதம் படித்தேன். அங்கே ரயிலில் தும்மினால்கூட நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு நிமிஷம் தாமதமானால் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள். அப்பா அதே கேள்வியைக் கேட்டார். "உங்களுக்கு என்ன கக்கூஸ் ஆராய்ச்சியா? நான் வாங்கப்போற பட்டத்தை உங்களுக்கே கொடுத்துடலாம்" என்றேன். அப்பா சிரித்தார். இப்போது யோசித்தால், பக்கத்தில் இருந்த அம்மாவின் சிரிப்பு கேட்கவில்லை.

மூன்றாவது நாட்டுக்கு ஆய்வுக்காகப் போனேன். அங்கே ஓடியதெல்லாம் ஆள் நிறைந்தால்தான் கிளம்புகிற வேன்கள். ஒன்றில் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். நடுவழியில் டிரைவர் வண்டியை நிறுத்தி, ஒரு சுவர் ஓரமாகப் போய்விட்டு, சாவகாசமாகத் திரும்பி வந்தார். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் முகம் சுளித்துக்கொண்டுதான் இதைச் சொன்னேன். அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

"இறங்கினாரா! யாரும் திட்டலையா? இங்க நான் இறங்கினா போன்ல படம் பிடிச்சுப் போட்டுடுவாங்க. மறுநாள் மெமோ வரும்."

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மீதியைப் பிறகு ஒரு நாள் எனக்குப் போனில் சொன்னது, அவரோடு பதினோரு வருஷம் ஓடிய கண்டக்டர் மாமா. இரண்டு நடைக்கு நடுவே ஆறு நிமிஷம்தான் கிடைக்கும். கழிப்பறை பஸ் நிலையத்தின் அந்தக் கோடியில், பாதி நாள் பூட்டித்தான் கிடக்கும். கட்டித் தருகிறோம் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் அதிகாரிகள் சொல்வார்கள். பேச்சு பல்லக்கு, தம்பி கால்நடை. அதனால் அப்பா தண்ணீரை நிறுத்திவிட்டார். சிறுநீர் போகும்போது எரிச்சல் வந்தால் மருந்துக்கடையில் மாத்திரை கேட்டு வாங்கி விழுங்கினார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிள்ளையைப் படிக்கவைத்தேன் என்று ஊரில் சொல்வார்கள். என் அப்பா அதற்குக் கீழேயும் கட்டியிருக்கிறார்.

"பாப்பா, நான் சொன்னேன்னு சொல்லாத" என்றுதான் மாமா அந்தப் போனை ஆரம்பித்தார். "அப்பா வண்டி ஏறி ரெண்டு மாசம் ஆச்சு. வாரத்துக்கு மூணு நாள் ரத்தம் சுத்தம் பண்ணப் போறார். தெரிஞ்சா நீ படிப்பை விட்டுட்டு வந்துடுவேன்னு எங்க வாயை எல்லாம் அடைச்சுட்டார்."

அந்த வாரமே வந்துவிட்டேன். அப்பா பாதியாக இருந்தார், கால் மட்டும் இரண்டு மடங்காக வீங்கியிருந்தது. ஒரு நாளைக்குத் தண்ணீர், காப்பி எல்லாம் சேர்த்து முக்கால் லிட்டர்தான் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். காலையில் பாட்டிலில் அளந்து வைப்பது என் வேலையானது. அம்மா மனசு இளகி ஊற்றிவிடுவாள் என்று பாட்டிலை என் அறையிலேயே வைத்துக்கொண்டேன்.

"இப்ப பாரு, கக்கூஸ் நாலு எட்டுலதான் இருக்கு. போறதுக்குத்தான் ஒண்ணும் இல்ல" என்றார் ஒரு நாள். அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அவருக்கு இப்படித்தான் பேச வரும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வெயில் அதிகம். மூன்று மணிக்கே பாட்டிலின் அடியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. அப்பாவின் உதடு வெடித்திருந்தது.

"பாப்பா, ஒரு மடக்கு."

"சாயங்கால மாத்திரைக்கு வேணும்பா."

"ஒரே ஒரு மடக்கு."

"அப்பா, சொன்னா கேளுங்க. எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்."

"சரிம்மா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன் பிறகு கேட்கவே இல்லை. மாத்திரைக்குக் கொடுத்ததிலும் பாதியை மிச்சம் வைத்தார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில், ரத்தம் சுத்தம் பண்ணும் நாற்காலியிலேயே அப்பாவின் இதயம் நின்றுபோனது.

ஒரு வாரம் கழித்துச் சான்றிதழ் வாங்கப் போனபோது டாக்டரிடம் அந்த மடக்கைப் பற்றிக் கேட்டேன். நான் குடிக்க விடாமல் பார்த்துக்கொண்டது அவருக்கு ஒரு நாளாவது கூடுதலாகத் தந்ததா என்று தெரிய வேண்டியிருந்தது.

டாக்டர் நல்ல மனிதர். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னார்.

"அவருக்கு இதயம் ரொம்ப நாளாவே பலவீனம்மா. ஒரு மடக்கு கூடக் குறைய இருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது."

அப்படியென்றால் நான் கொடுத்திருக்கலாம்.