மிஸ்ஸி வருவதற்குள் மாற்றிய துணி

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் என்னைக் கண்டால் முதலில் ஓடுவது துடைப்பம்தான். இலங்கை மலைநாட்டில், தெமோதரைப் பக்கத் தோட்டங்களில் நான் மருத்துவமாது. சனங்களுக்கு ‘மிஸ்ஸி’. பிள்ளை பெற்ற வீட்டைப் பார்க்கப் போனால், முதல் வீட்டுக் காம்பராவிலேயே யாராவது “மிஸ்ஸி வாராங்க” என்று குரல் கொடுத்துவிடுவார்கள். நான் கடைசிக் காம்பராவுக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்த வீடு கல்யாண வீடாகிவிடும்.

இதில் ராக்கம்மாவை மிஞ்ச ஆளில்லை. காலமெல்லாம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். மருமகள் நிஷாந்தினி தலைப்பிரசவம் முடிந்து, பெண் குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அதே வாரம் நான் போனேன். கட்டிலில் மடிப்புக் கலையாத வெள்ளை விரிப்பு. குழந்தைக்கு அப்பிய பவுடரில் மூக்கு எது, கன்னம் எது என்று தேட வேண்டியிருந்தது. மீந்த பவுடர் தாயின் முகத்தில்.

“ரத்தம் எப்படிம்மா போகுது?” என்று நிஷாந்தினியைக் கேட்டேன்.

“நல்லாப் போகுதுங்க மிஸ்ஸி. அழுக்கெல்லாம் போகணும்ல?” என்றார் ராக்கம்மா. மருமகளைக் கேட்டால் மாமியார்தான் பதில் சொல்வார். எங்கள் வேலையில் இது பழகிப்போன விஷயம்.

துணியைக் காட்டச் சொன்னேன். சின்னதாக ஒரு கறை, அவ்வளவுதான். வயிற்றையும் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று நினைக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. “டீ குடிச்சிட்டுப் பாருங்க மிஸ்ஸி” என்று ராக்கம்மா கையைப் பிடித்து உட்கார வைத்தார். நான் வீடுகளில் டீ குடிப்பதில்லை. ஒரு லயத்தில் எல்லா வீட்டிலும் குடித்தால் அப்புறம் நான் பிள்ளைத்தாய்ச்சியைத் தேட மாட்டேன், கக்கூசைத்தான் தேடுவேன். ஆனால் அன்றைக்கு மழை ராக்கம்மாவின் கட்சி. கண்ணாடி அலுமாரிக் கோப்பையில் டீ வந்தது. வீட்டிலிருந்த சீனி முழுவதும் அதில்தான் இருந்தது.

இளைய மகனுக்குப் பெண் பார்த்த கதையை ராக்கம்மா விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கட்டிலில் உட்கார்ந்திருந்த நிஷாந்தினி மெல்லச் சுவரில் சாய்ந்தாள்.

“தூக்கம் வருதா?”

“தலை சுத்துது மிஸ்ஸி.”

நாடியைப் பிடித்தேன். வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. துணியை மறுபடி பார்த்தேன். முழுவதும் நனைந்து வெள்ளை விரிப்புக்கும் இறங்கியிருந்தது.

“ராக்கம்மா, இந்தத் துணி எப்ப வச்சது?”

“நீங்க வாரீங்கன்னு இப்பத்தாங்க மாத்துனேன். அழுக்குத் துணியோட உங்க முன்னால எப்பிடிப் படுக்க வைக்கிறது?”

பின்கதவைத் திறந்து பார்த்தேன். பேசின் நிறையத் துணிகள் ஊறிக்கொண்டிருந்தன. எல்லாம் அன்று காலைத் துணிகள்.

பிள்ளை பெற்ற உடம்பிலிருந்து ரத்தம் போவது இயல்புதான். முதல் சில நாள் சிவப்பாக இருக்கும், பிறகு பழுப்பாகி, வெளிறி, நின்றுவிடும். நாளுக்கு நாள் குறைய வேண்டும் என்பதுதான் கணக்கு. குறைந்தது மறுபடி கூடினாலும், ஒரு மணி நேரத்துக்குள் ஒரு துணி நனைந்தாலும், பெரிய கட்டிகள் விழுந்தாலும், தலை சுற்றினாலும், காய்ச்சலோ துர்நாற்றமோ இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அப்படிப் போகும் ரத்தம் அழுக்கு இல்லை.

அடிவயிற்றை அழுத்திப் பார்த்தேன். இறுகி உருண்டையாக இருக்க வேண்டிய கருப்பை ரொட்டிக்குப் பிசைந்த மா மாதிரி கிடந்தது. மூத்திரப்பையும் நிறைந்திருந்தது. கக்கூஸ் லயத்துக்கு அந்தப் பக்கம், வழியெல்லாம் வழுக்கல் என்று காலையிலிருந்து அடக்கி வைத்திருக்கிறாள். அது நிறைந்தால் கருப்பை சுருங்காது. பாத்திரம் வைத்து மூத்திரம் போக வைத்தேன். பிறகு வயிற்றைத் தேய்த்துக்கொண்டே குழந்தையைப் பாலுக்குப் போட்டேன். ரத்தம் சற்று மட்டுப்பட்டது, ஆனால் நிற்கவில்லை.

அம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். அது கீழே றோட்டுவரைதான் வரும். அதுவரை கம்பளியில் படுக்க வைத்துத் தூக்க வேண்டும். கணவன் ரவி கம்பளியும் கையுமாக வாசலில் நின்றான். ராக்கம்மா குறுக்கே வந்தார்.

“தீட்டுக் கழியலியே மிஸ்ஸி. ஆம்பளைங்க தொடலாமா?”

“ஏங்க ராக்கம்மா, புள்ளையக் குடுக்கும்போது இல்லாத தீட்டு, தூக்கும்போது மட்டும் எங்கேருந்து வந்துச்சு?”

ரவி கம்பளிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டான். ராக்கம்மாவுக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. அதற்குள் அவர் கண் விரிப்பில் விழுந்தது. “தூக்குடா” என்றார். ஒரு முனையை அவரே பிடித்தார். வாய்தான் கேலி பேசியதே தவிர, சத்தியமாக எனக்குப் பயம். இறக்கம் முழுக்க நிஷாந்தினியின் கை என் கைக்குள் சில்லிட்டுக்கொண்டே வந்தது.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, நஞ்சுக்கொடியின் சிறு துண்டு ஒன்று உள்ளே தங்கியிருந்தது. யார் குற்றமும் இல்லை, சிலருக்கு அப்படி ஆகும். அதை எடுத்து, ரத்தம் ஏற்றினார்கள். நிஷாந்தினி பிழைத்தாள்.

அவள் வீடு திரும்பியதும் பார்க்கப் போனேன். ராக்கம்மா என்னை அடுப்படிக்குக் கூட்டிப் போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“எங்க அக்காவுக்கும் இப்பிடித்தாங்க போச்சு. நல்லது, ஒடம்பு சுத்தமாகுதுன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் தண்ணிப் பீலிக்கும் வீட்டுக்கும் நடந்து தொவச்சுக்கிட்டே இருந்தேன். கடைசித் துணி காயிறதுக்குள்ள அவ போயிட்டா. இத்தன நாளும் விதின்னுதான் நெனச்சிருந்தேன் மிஸ்ஸி.”

யாரையும் விடாமல் கேலி பேசும் எனக்கு அழுகைதான் வந்தது.

“மத்த வீட்டுலயும் சொல்லுங்க. என் பேரச் சொல்லியே சொல்லுங்க” என்றார்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் தங்கைமாரே, கட்டியிருக்கும் துணியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். ஊறுகிற துணியையும் கேளுங்கள். காட்ட வெட்கப்படும் வீடுகளில் இந்தக் கதையைச் சொல்லுங்கள். சொன்னவர் பெயர் ராக்கம்மா.