பப்பாளித் தண்டு வழியே ஒரு மூச்சு

சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் அப்பாவை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு மழைக்காலம் முடிந்திருந்தது. அடுத்த லாரி பக்கத்து ஊரான குருண் வரை வந்துவிட்டதாகச் செய்தி கிடைத்ததும், எங்கள் வீட்டில் மீதமிருந்த ஒரே ஆண்பிள்ளையான மாமா, தண்ணீருக்கடியில் இருக்கக் கற்றுக்கொள்வதென்று முடிவு செய்தார். அவர் அம்மாவின் தம்பி. ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டுவதைத் தவிர வேறெதையும் அவர் பொறுமையாகச் செய்து நான் பார்த்ததில்லை.

"ஆள் பிடிக்கிறவனுங்க ரப்பர் காட்டைத் துழாவுவானுங்க, கூரை மேல பாப்பானுங்க. குட்டையில எவன்க்கா பாப்பான்?" என்றார் அம்மாவிடம்.

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் கங்கோங் கீரை மண்டிய குட்டை ஒன்று இருந்தது. நீளமான மூங்கில் குழலைக் கடித்துக்கொண்டு, ஆள் மூழ்கும் ஆழத்தில் மாமா இறங்கினார். இறங்கிய வேகத்தில் கண்கள் பிதுங்க மேலே வந்தார்.

"காத்து வருதுக்கா. நெஞ்சுதான் விரியமாட்டேங்குது. யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு."

நுரையீரல் தானாகக் காற்றை இழுப்பதில்லை என்பதைப் பல வருடம் கழித்துத்தான் படித்தேன். விலா எலும்புகள் உயர்ந்து, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் தசை கீழே இறங்கி இடம் கொடுத்தால்தான் காற்று உள்ளே வரும். ஆழத்தில் தண்ணீரின் கனம் அந்த இடத்தைக் கொடுக்கவிடாது. குழல் நீண்டால், விட்ட மூச்சே திரும்பி வரும். இதெல்லாம் தெரியாமலே மாமா மூங்கிலை வீசிவிட்டு, பப்பாளி இலைத் தண்டை முழ நீளத்துக்கு நறுக்கிக்கொண்டார். மரத்தில் காய்ந்த ரப்பர் பாலை உருட்டி மூக்கில் அடைத்துக்கொண்டு, கரையோரம் முழங்கால் ஆழத்தில் மல்லாந்து படுத்தார். கீரைக்கு நடுவே தண்டின் நுனி மட்டும் தெரிந்தது. அதன் மேல் உள்ளங்கையைக் காட்டினேன். இளஞ்சூடாகக் காற்று பட்டது, நின்றது, மறுபடி பட்டது. அவ்வளவு பெரிய மாமா அந்தச் சின்ன ஓட்டைக்குள் இருந்தார்.

லாரி ஒரு காலையில் வந்தது. "நீ பாட்டுக்குக் கீரை பறி. அந்தப் பக்கம் பாக்காதே," என்று அம்மா என்னைக் குட்டைக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் கங்காணியும் ஒரு ஜப்பான் சிப்பாயும் வந்தார்கள்.

"ஒன் மாமா எங்க பாப்பா?" என்றார் கங்காணி.

"பாலிங்குல சொந்தக்காரங்கள பாக்கப் போயிருக்காரு."

சிப்பாய் குனிந்து முகம் கழுவினான். அலைகள் கீரையை ஆட்டின. தண்டின் நுனி தண்ணீருக்குள் போய்விட்டது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மாமா விடும்வரை விடுவதில்லை என்று இருந்தேன். காது அடைத்தது. வயிற்றுக்குள் ஏதோ உதைத்தது. நான் மூடி வைத்திருந்த வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது. என் உடம்புக்குள் எனக்கு அடங்காத ஒன்று இருக்கிறது என்று அன்றுதான் அறிந்தேன். அதே உதையை மாமா கீழே தாங்கிக்கொண்டு கிடந்தார்.

சட்டென்று தண்டிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்தது. உள்ளே புகுந்ததை அவர் ஊதித் தள்ளியிருக்கிறார். கையிலிருந்த கீரைக் கட்டைத் தண்ணீரில் ஓங்கி அடித்தேன், சேறு அலசுகிறவளைப் போல. சிப்பாயின் சட்டையெல்லாம் நனைந்தது. அவன் ஏதோ திட்டிவிட்டு மேட்டில் ஏறிப் போனான். கங்காணி பின்னால் ஓடினார்.

லாரி போன பிறகு மாமா எழுந்தார். உதடு நீலம் பூத்திருந்தது. கரையில் விழுந்து கிடந்தவரின் நெஞ்சில் காதை வைத்தேன். உள்ளே ரப்பர் காடு முழுக்க ஒரே நேரத்தில் அசைவது போல் காற்று இரைந்தது. இத்தனை காற்று ஒரு மனிதனுக்குள் போய் வருகிறதா என்று காதை எடுக்க மனமில்லாமல் கிடந்தேன்.

லாரி நிறைந்துதான் போயிருந்தது. மாமா கிடைக்காததால், எதிர்வீட்டு அக்காவின் புருஷனைக் காய்ச்சலோடு தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். நாங்கள் தப்பித்த நாளில் அம்மா ஏன் அந்த வீட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. மறுநாள் மாமா அந்த வீட்டுக்கு விறகு பிளந்து போட்டார். ஜப்பான்காரன் போன பிறகும் பிளந்தார். அந்த அக்காவின் பிள்ளைகள் வளர்ந்து ஆளான பிறகும் பிளந்தார். சொந்த வீட்டு விறகுக்கு அம்மா பத்துத் தடவை கூப்பிட வேண்டியிருக்கும்போது, எதிர்வீட்டு விறகில் இவருக்கு என்ன அத்தனை ஆசை என்று நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.