மகள் கொண்டுபோகிற துடைப்பம்

எங்கள் வீட்டில் யாராவது வெளியே கிளம்பும்போது துடைப்பம் கண்ணில் படக் கூடாது. அவர்கள் போய்ச் சேரும்வரை வீடும் பெருக்க மாட்டேன். தாராவிக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து, அம்மன் சாட்சியாக, இதை நான் மீறியதில்லை.

அந்த மழைநாள் காலையில் என் மகள் ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கிளம்பி வாசலில் நின்றுகொண்டு, "எம்மா, நம்ம ஜாடு காஞ்சிருக்கா?" என்றாள். துடைப்பத்துக்கு அவள் வாயில் இந்திச் சொல்தான் வரும்.

"ஏட்டி, வெளிய போறப்ப வாரியலைக் கேக்கியே, கூறு இருக்கா?"

என் வீட்டுக்காரர் பேப்பரை மடக்கினார். "கேக்கட்டும். இம்புட்டுப் படிக்க வச்சது கூட்டிப் பெருக்கத்தான்னு இன்னைக்குல்லா தெரியுது."

அவள் சிரிக்கவில்லை.

செம்பூர்ப் பக்கம் அவளுக்கு வேலை ஒரு பொடியோடு. ஹைட்ரஜன் வாயுவில் வண்டி ஓட்டலாமாம். அதைச் சேர்த்து வைப்பதுதான் பெரும்பாடாம். இட்லிக்குள் இருப்பதுபோல் இந்தப் பொடிக்குள்ளும் ஓட்டைகள், கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள். ஒரு ஸ்பூன் பொடிக்குள் ஒரு மைதானத்தின் பரப்பே அடங்குமாம். நன்றாகக் குளிர வைத்தால் வாயு அதற்குள் ஒட்டிக்கொள்ளும், சூடு ஏறினால் விட்டுவிடும். இதுவரை கேட்க நன்றாகத்தான் இருந்தது. மிச்சத்தை அன்றுதான் சொன்னாள்.

"கசிஞ்சா வாசனையே வராதும்மா. பத்திக்கிட்டா பகல்ல தீயும் தெரியாது. கிட்டப் போற வரைக்கும் சூடும் உறைக்காது. அதான் ஜாடுவை முன்னால நீட்டிக்கிட்டே போவோம். தீ இருந்தா முதல்ல அது பத்தும்."

"மணி அடிக்கிற மெஷின் இருக்குன்னியே?"

"இருக்கு. முந்தாநாள் கசிஞ்சப்ப அது அடிக்கல. லேப் ஜாடுவால யாரோ ஈரத்தரையைக் கூட்டி நனைச்சு வச்சிருக்காங்க. இன்னைக்குப் பெரிய டேங்க்ல நிரப்புறோம்."

தினமும் கற்பூரம் கொளுத்துகிறவள் நான். தீ என்றால் எனக்கு அம்மன் முகம் தெரிகிற வெளிச்சம். தன்னையே காட்டாத தீயை அன்றுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

அடுப்படியில் காய்ந்து கிடந்த புதுத் துடைப்பத்தை எடுத்து, திருநீறு தொட்டு, வாசலில் என் கையாலேயே கொடுத்தேன்.

சாயங்காலம் துடைப்பத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு வந்தாள். நுனி கருகியிருந்தது.

"நீ எம்புட்டுத் தூரத்துலட்டி நின்ன?"

துடைப்பத்தையே தூக்கிக் காட்டினாள். "இவ்வளவுதாம்மா."

கரியோடு வீட்டில் வைக்க மனமில்லாமல் நுனியைக் கத்தரித்தேன். கத்தரித்த பிறகுதான் அது குட்டையாகிவிட்டது எனக்கு உறைத்தது. வீட்டுக்காரர் ஒட்டடைக் கம்பை எடுத்து வந்தார். கோயில் மஞ்சள் கயிற்றால் இரண்டையும் சேர்த்து இறுக்கிக் கட்டினோம்.

"பஸ்ல எல்லாரும் சிரிப்பாங்கப்பா."

"சிரிச்சிட்டுப் போறான். நீ நீட்டிப் பிடி."

ஆராய்ச்சிக்கூடத்தில் வைத்தால் மறுபடியும் நனைத்துவிடுவார்கள் என்று தினமும் அதைக் கையோடு கொண்டுபோய்க் கொண்டுவருகிறாள். இப்போதெல்லாம் அவள் திரும்பும்வரை நான் வீடு பெருக்குவதில்லை. அவள் படியேறி வரும்போது, முகத்தைப் பார்ப்பதற்கு முன் என் கண் அந்த நுனிக்குத்தான் போகிறது.