ஜப்பான் தீவில் விட்ட கப்பல்

லண்டனில் எங்கள் குட்மேய்ஸ் தெருவில் நிற்கிற கார்களைவிட அந்தத் தீவில் சனம் குறைவு. எண்ணித்தான் சொல்கிறேன்: கார் நூற்றுப் பதினாறு, தீவில் நான் கண்ட மனிதர் அறுபத்தொன்று. அதிலும் ஒரு கிழவரை இரண்டு தடவை எண்ணியிருக்கலாம். ஓய்வெடுக்கச் சொல்லி மகன் எனக்கும் மனைவிக்கும் ஜப்பானுக்கு டிக்கெட் எடுத்துத் தந்தபோது, சத்தமில்லாத இடம்தான் வேண்டுமென்று அடம்பிடித்தவன் நான். கிடைத்தது ஓர் எரிமலை, ஒரு கடை, கிழமைக்கு இரண்டு கப்பல். எரிமலை நாங்கள் இருந்தவரை ஒன்றும் செய்யவில்லை.

திங்கள் காலைக் கப்பலில் புறப்பட வேண்டும். அந்த வெள்ளி வால்தம்ஸ்டோவில் மகனின் புது வீடு குடிபூரல். புது அடுப்பில் பால் காய்ச்சுவது தான்தான் என்று மனைவி வீடு வாங்கும் முன்பே அறிவித்திருந்தாள். அவள் இல்லாவிட்டால் பால் சட்டி மருமகளின் தாயிடம் போய்விடும்.

"சம்மந்தி காய்ச்சினா நான் அந்த வீட்டிலை பச்சைத் தண்ணியும் குடிக்கமாட்டன்" என்று விமானத்திலேயே சொல்லிவிட்டாள்.

ராகுகாலத்தில் அவள் கால் வாசலைத் தாண்டாது. ஈஸ்ட் ஹாம் மளிகைக் கடை கொடுத்த லண்டன் காலண்டரைப் படமெடுத்துப் போனில் வைத்திருந்தாள். அதில் திங்கள் ராகுகாலம் தொடங்குவது எட்டு மணிக்குக் கிட்ட. கப்பலோ ஏழு இருபதுக்கு. பிரச்சினையே இல்லை. ஏழு மணிக்கு, வாசலில் சப்பாத்துப் போடும்போது, என் படிப்பு சும்மா இருக்கவில்லை.

"அது லண்டன் சூரியனுக்குப் போட்ட கணக்கு. இஞ்சை சூரியன் முந்தி எழும்புது. பகலை எட்டாப் பிரிச்சுப் பார்த்தால் ராகுகாலம் இப்பவே தொடங்கீட்டுது."

சிரிப்பாள் என்று நினைத்தேன். பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"எப்ப முடியுது?"

"எட்டரைக்கு."

"அப்ப எட்டரைக்குப் போவம்."

"கப்பல் உன்ரை மாமன்ரை கப்பலே, நிக்கிறதுக்கு?"

"இஞ்சாருங்கோ, கணக்குப் பார்த்தது நீங்கள். நான் கேட்டனானே?"

எங்களைத் துறைக்குக் கொண்டுபோக இருந்த விடுதிக்காரம்மா, வான் வண்டியை இயக்கிவிட்டு ஓடி வந்தார். மனைவிக்கு முழங்காலில் நோவு என்று நினைத்து, ஆறு மருந்துப் பிளாஸ்டர்களைக் கொண்டுவந்து நீட்டினார். கப்பல் ஊதியது. மனைவி இரண்டு பிளாஸ்டரை ஒட்டிக்கொண்டாள், மரியாதைக்கு.

அடுத்த கப்பல் சனிக்கிழமை. நடுவில் அவள் என்னுடன் பேசிய சொற்கள் பதினாலு. அதில் ஒன்பது "உப்பு".

வெள்ளி பின்னேரம் மூன்று மணி, லண்டனில் காலை ஏழு. மகன் வீடியோவில் அடுப்படியைக் காட்டினான். காஞ்சிபுரச் சேலையில் சம்மந்தியம்மா, முன்னால் பளபளவென்று கண்ணாடி அடுப்பு. பால் எழும்பியது. பொங்கி வழிய வேண்டிய நேரத்தில் அவர் கை தானாகப் போய்ச் சூட்டைக் குறைத்தது. பால் அடங்கியது. மறுபடி எழும்பியது; மறுபடி கை போனது. முப்பது வருடம் அடுப்பைத் துடைத்துப் பழகிய கை. பாலை வழிய விட அதற்குத் தெரியவில்லை.

மூன்றாம் தடவையும் அடங்கியதும் ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார். நல்ல நேரம் முடிய நாலு நிமிடம். மனைவியின் முகத்தில் நான்கு நாளுக்குப் பிறகு ஒரு வெளிச்சம். அவள் பேசாமலே இருந்திருக்கலாம், பால் பொங்கியிராது. போனை என்னிடமிருந்து பறித்தாள்.

"சம்மந்தி! கையைப் பின்னாலை கட்டுங்கோ!"

"அடுப்புப் பழுதாப் போடும் எல்லே?"

"போகட்டும்! பிள்ளையளின்ரை வீடு! கட்டுங்கோ கையை!"

கட்டினார். பால் பொங்கி நாலு பக்கமும் வழிந்தது. அங்கே எல்லோரும் கை தட்டினார்கள். இங்கே விடுதிக்காரம்மாவும் தட்டினார், எதற்கென்று தெரியாமலே.

இப்போது வால்தம்ஸ்டோவுக்குப் போனால் ஒரு வழக்கு நடக்கிறது. தான் சொல்லியிராவிட்டால் பொங்கியிராது என்கிறாள் மனைவி, தேத்தண்ணி குடித்தபடி. சட்டி வைத்தது தான் என்கிறார் சம்மந்தியம்மா. கண்ணாடி அடுப்பில் தீய்ந்த கறையை மருமகள் இன்னும் சுரண்டிக்கொண்டிருக்கிறாள். அதற்கு மட்டும் இரண்டு பேரும் உரிமை கேட்கவில்லை.