மனைவியின் துப்பாக்கியும் மட்டாஞ்சேரிப் படகும்

கோயம்புத்தூரிலிருந்து கொச்சியின் மட்டாஞ்சேரிக்கு வீடு மாற்றியபோது, கதவு சரியாக மூடாத எங்கள் ஃபிரிட்ஜ் வாளையார் எல்லையை யாரும் ஏனென்று கேட்காமல் கடந்தது. என் புத்தகப் பெட்டிகளும் அப்படியே. அவற்றில் ஆபத்தான கருத்துகள் இருக்கலாம் என்று எந்த அரசும் சந்தேகப்படவில்லை. என் மனைவியின் துப்பாக்கி விஷயம்தான் வேறு.

நாற்பதைத் தாண்டியவர்கள் யோகா, வயலின், மாடித்தோட்டம் என்று எதிலாவது விழுவார்கள். அவள் விழுந்தது ரைஃபிள் கிளப்பில். தோழியோடு வேடிக்கை பார்க்கப் போனவள், தோழி நின்ற பிறகும் போய்க்கொண்டே இருந்தாள். சந்தா முடிந்ததும் ஆசையும் முடியும் என்று நினைத்தேன். கணவனாக நான் கணித்தவை எல்லாம் பலித்த லட்சணத்தில் இதுவும் பலித்தது. உரிமம் வாங்கினாள், சொந்தமாக ரைஃபிள் வாங்கினாள். பிறகு வங்கி அவளைக் கொச்சிக்கு மாற்றியது. நகைச்சுவை எழுதுகிறவனை எங்கே வேண்டுமானாலும் இறக்கிவைக்கலாம் என்பதால் நானும் வந்தேன்.

விளையாட்டுக்கான உரிமம் என்பதால் அவளுடையது நாடு முழுக்கச் செல்லும். ஆனால் வசிக்கும் ஊர் மாறினால், புதிய ஊரின் அதிகாரியிடம் துப்பாக்கியையும் உரிமத்தையும் காட்டிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். உரிமத்தைப் புதுப்பிக்கும் காலமும் அப்போதே வந்து சேர்ந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை தகுதிப் போட்டி. அதற்குள் இரண்டும் முடியாவிட்டால் அவள் சுடுதளத்துக்குள் நுழைய முடியாது. அந்த வருஷம் அவ்வளவுதான்.

“ஊர்ல இருக்கிற புஸ்தகமெல்லாம் படிக்கிறீங்க, இதையும் படிச்சுச் சொல்லுங்க” என்று ஆயுதச் சட்டத்தை என் கையில் திணித்தாள்.

அலட்சியமாகத்தான் ஆரம்பித்தேன். மூன்றாவது பிரிவில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உரிமம் இல்லாத எவரும் துப்பாக்கியைத் தொடக்கூடாது என்று அடித்துச் சொல்லிவிட்டு, அந்த வாக்கியம் சரக்கு ரயில் மாதிரி நீண்டு, கடைசிப் பெட்டியில் ஒரு விலக்கை ஏற்றியிருந்தது. உரிமம் உள்ளவர் கூடவே இருந்தால், அல்லது எழுத்தில் அனுமதி தந்திருந்தால், உரிமம் இல்லாத ஒருவர் அதைச் சுமந்து போகலாமாம்: பழுது பார்க்க, உரிமம் புதுப்பிக்க, அல்லது உரியவரின் உபயோகத்துக்கு. மனைவிக்குப் பின்னால் பை தூக்கி நடக்கும் ஜீவன் ஒன்று உலகில் உண்டென்று யாரோ ஒரு சட்ட வரைவாளர் யோசித்திருக்கிறார். எத்தனையோ இலக்கியம் படித்திருக்கிறேன். என்னை இவ்வளவு துல்லியமாக யாரும் எழுதியதில்லை.

“அப்ப நீங்க தூக்கிட்டு வரலாம். ஆனா நான் பக்கத்துல இருக்கணும். புரிஞ்சுதா?” என்றாள்.

“கல்யாணத்தன்னைக்கே புரிஞ்சுதுங்க.”

தோட்டாக்களை வீட்டில் பூட்டிவிட்டு, காலி ரைஃபிளை நீளப் பையில் மூடி என் தோளில் மாட்டினாள். உரிம அலுவலகம் காயலுக்கு அந்தப் பக்கம், எறணாகுளத்தில். மழைக்கு ஆட்டோ எதுவும் நிற்காததால் படகுத்துறைக்குப் போனோம். அங்கே அவளுக்கு இன்னொரு நகல் வேண்டும் என்று ஞாபகம் வந்தது. “இங்கயே நில்லுங்க” என்று எதிரிலிருந்த ஜெராக்ஸ் கடைக்குள் போனாள்.

படகு வந்தது. கூட்டம் நகர்ந்தது. தமிழ்நாட்டில் பஸ் ஏறி வளர்ந்தவனுக்கு, கூட்டத்தைக் கண்டால் இடம் பிடிக்க வேண்டும் என்பது தும்மல் மாதிரி, யோசித்துச் செய்வதில்லை. பாய்ந்து ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் அவளுக்காகத் துண்டு போட்டேன். துண்டு இல்லாததால் ரைஃபிளைப் போட்டேன்.

மீன் கூடையோடு ஒரு சேச்சி வந்து நின்றார். “இவிடெ ஆளுண்டோ?”

“ஆள் வருது சேச்சி.”

மணி அடித்தது. கயிறு அவிழ்ந்தது. கரை விலக ஆரம்பித்தது. ஜெராக்ஸ் கடை வாசலில் குடையோடு நின்ற என் மனைவியும் அதோடு விலகினாள்.

சேச்சி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். “பார்யயெ மறந்நு, பேக் மறந்நில்ல!” என்று படகுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, பையை என் மடியில் வைத்து உட்கார்ந்தார். “கிட்டாரா?”

தலையை எல்லாத் திசையிலும் ஆட்டினேன். போன் அடித்தது.

“எங்க இருக்கீங்க?”

“படகுல.”

“அது?”

“அதுவும் படகுலதான்.”

அவள் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. யாராவது ஒரு போலீஸ்காரர் பையைத் திறக்கச் சொன்னால் எனக்கு வழக்கு. அதுகூடப் பரவாயில்லை, ஒரு கட்டுரை கிடைக்கும். அவளுக்கு உரிமமே போகும். “அசையாதீங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

படகு வில்லிங்டன் தீவின் முனையைச் சுற்றியது. மழை நின்று, சாம்பல் நிறக் கப்பல் ஒன்று காயலில் மலை மாதிரி நின்றது. அதன் முகப்பிலிருந்த பீரங்கி, மறைக்க வேண்டிய அவசியம் ஏதுமில்லாமல், நிம்மதியாக நனைந்திருந்தது. அவ்வளவு பெரிய இரும்பையும் ஏதோ ஒரு காகிதம்தான் அங்கே நிற்க அனுமதிக்கிறது என்று தோன்றியதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கப்பலிலிருந்து மடியிலிருந்த பை வரை எல்லாவற்றையும் கண்ணுக்குத் தெரியாத வாக்கியங்கள் பிடித்து வைத்திருந்தன. நான் மட்டும்தான் அவற்றிலிருந்து நழுவி விழுந்திருந்தேன்.

அப்போது வாட்ஸ்அப் ஒலித்தது. “என் உரிமத்திலுள்ள ரைஃபிளை, உரிமம் புதுப்பிப்பதற்காக எடுத்துச் செல்ல என் கணவருக்கு இதன் மூலம் அனுமதி அளிக்கிறேன்.” கீழே அவள் பெயர், உரிம எண். அதற்கும் கீழே: “யார்கிட்டயும் ஜோக் அடிக்காதீங்க.”

திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டத்தை வரிவரியாகப் படித்து வியந்தவன் நான். அதில் ஒரு கதவு இருக்கிறது என்பது அவளுக்குத்தான் ஞாபகம் இருந்தது. அதுவும் ஜெராக்ஸ் கடை வாசலில், மழையில்.

எறணாகுளம் துறையில் இறங்கிக் காத்திருந்தேன். அடுத்த படகில் வந்து சேர்ந்தாள். நேராக அலுவலகத்துக்கு நடந்தாள். ஆயுத உரிமப் பிரிவில் இருந்த அதிகாரி ரைஃபிளின் எண்ணை உரிமத்தோடு ஒப்பிட்டார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்: “இது ஆரா கொண்டு வந்நது?”

‘நான்தான்’ என்று அவள் சொல்லியிருந்தால் முடிந்தது. “இவர் சார்” என்றாள். “படகுல தனியா ஏறிட்டார். அப்புறம்தான் அனுமதி எழுதி அனுப்பினேன்.” போனை நீட்டினாள்.

அவர் செய்தியைப் படித்தார். எழுந்து போய் தடித்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து அதையும் படித்தார். ஞாயிற்றுக்கிழமைப் போட்டி அந்த மேஜையின் மேல் கிடந்தது.

“எழுத்து வர்றதுக்கு முன்னாடி கொறச்சு நேரம் இவர் குற்றவாளி” என்றார் மலையாளம் கலந்த தமிழில். “மெசேஜ் எழுத்தாகுமோ இல்லயோ, அது கோர்ட்டு சொல்லணும். எனிக்கு வேற ஜோலி உண்டு.” என்னைப் பார்த்தார். “சாரே, பேடிச்சோ?”

“நல்லா பயந்துட்டேன்.”

“மதி. அது போதும்.” புதிய முகவரியையும் புதுப்பித்த தேதியையும் எழுதி, கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, உரிமத்தை என்னைத் தாண்டி அவளிடம் நீட்டினார். “கள்ளம் பறஞ்சிருந்தா நான் கையெழுத்து போட்டிருக்க மாட்டேன், மேடம்.”

எந்த அரசும் என்னை நம்பி ஒரு ரேஷன் கார்டுக்கு மேல் கொடுத்ததில்லை. இரண்டு மாநிலங்கள் அவளிடம் ஒரு துப்பாக்கியைக் கொடுத்திருக்கின்றன. ஏன் என்று அந்த அறையில்தான் விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமை சுடுதளத்தில், பார்வையாளர் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவள் பாயில் குப்புறப் படுத்து, துப்பாக்கியின் கட்டையில் கன்னத்தை வைத்தாள். தோள் ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு அசைவே இல்லை. மூச்சை எங்கோ கழற்றி வைத்துவிட்டது போலிருந்தாள். இருபது வருஷமாக என்னோடு இருப்பவளிடம் இப்படி ஓர் அமைதி இருந்திருக்கிறது. நான்தான் அதன் நடுவில் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

பக்கத்திலிருந்தவர் மெல்லக் கேட்டார், “அது ஆரா? அறியுமோ?”

வாயைத் திறந்தேன். அவள் விரல் அசைந்தது. வெடிச் சத்தம் அடங்கும்வரை பதில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.