விரலை எடுத்தால் அணைகிற தீ

நான் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம் அது நடந்தது. தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த சமயம். தெற்கே, மணப்பாட்டுக்குப் போகிற வழியில் ஒரு கடற்கரை ஊரில், மாதா கோயிலைச் சேர்ந்த சின்ன டிஸ்பென்சரியில் நான் ஒருத்திதான் இருந்தேன். டவுனிலிருந்து டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள் வருவார். மற்ற நாட்களில் காய்ச்சல், காயம், பிரசவம் எல்லாம் என் தலையில்தான்.

அங்கே ஒரு கேஸ் பிரிட்ஜ் இருந்தது. அந்த ஊரில் கரண்ட்டை நம்ப முடியாது என்பதால், சிலிண்டரில் ஓடுகிற அதை யாரோ வெளிநாட்டிலிருந்து கோயிலுக்கு அனுப்பியிருந்தார்கள். உள்ளே குளிர வேண்டுமானால் பின்பக்கம் அடியில் கட்டைவிரல் அளவு நீலத் தீ விடாமல் எரிய வேண்டும். தீ எரிந்தால் ஐஸ் உறையும் என்பதை ஊரில் யாரும் நம்பவில்லை. ஐஸ் கட்டியைக் கையில் எடுத்துப் பார்க்கும்வரை நானும் நம்பவில்லை.

ஐப்பசி மழைக்கு நடுவே ஒரு வெறிநாய் ஊருக்குள் வந்தது. வலை காயப்போடும் இடத்தில் விளையாடிக்கொண்டிருந்த ஆறு வயதுப் பெண்பிள்ளையைக் கன்னத்தில் கவ்வியது. பிடித்து இழுக்கப் போன தாயைக் கையில் கடித்தது. இரண்டு பேருக்கும் சோப்புப் போட்டுக் காயத்தைக் கழுவி, அன்றே பஸ்ஸில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். முதல் ஊசியை டாக்டர் போட்டார். மீதி மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்து என்னிடம் கொடுத்தார்.

“தொப்புளைச் சுத்திப் பதினாலு நாள். ஒரு நாள்கூட விடக் கூடாது. மருந்து சூடேறவும் கூடாது. புரியுதா?”

தலையை ஆட்டினேன். பஸ்ஸில் வரும்போது பிளாஸ்க்கை மடியை விட்டு இறக்கவில்லை.

ஐந்தாம் நாள் சாயங்காலம் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. புதுசை மாட்டி, பிரிட்ஜின் அடியில் இருக்கிற பட்டனை அழுத்திப் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டினேன். தீ பிடித்தது. வழக்கம்போலக் கொஞ்ச நேரம் அழுத்தியிருந்துவிட்டுக் கையை எடுத்தேன். அதற்குள் வலி கண்ட ஒரு பெண்ணைத் தாங்கிக்கொண்டு நாலு பேர் வாசலில் வந்து நின்றார்கள். தீ நிற்கிறதா என்று குனிந்து பார்க்காமல் தகர மூடியை மாட்டிவிட்டு ஓடினேன்.

மறுநாள் காலையில் ஊசி மருந்தை எடுக்கக் கதவைத் திறந்தேன். உள்ளேயிருந்து வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. ஐஸ் தட்டில் வெறும் தண்ணீர்தான் கிடந்தது. மருந்துக் குப்பிகளைத் தொட்டேன்; அவற்றிலும் துளிக் குளிர்ச்சி இல்லை.

தாயும் பிள்ளையும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஆற்றுப் பாலத்துக்கு மேல் தண்ணீர் போனதால் முந்தின நாளே பஸ் நின்றுவிட்டது. தபாலாபீஸ் போன் செத்துக் கிடந்தது. படகுகள் கடலுக்குப் போகாததால் ஐஸ் ஏற்றி வருகிற லாரியும் இல்லை. ஊசி போடாமல் விடுவதா, கெட்டதோ கெடாததோ தெரியாத மருந்தைப் போடுவதா? டாக்டர் சொன்னதில் ஒன்றை ஏற்கெனவே தவறவிட்டிருந்தேன். இன்னொன்றையாவது காப்பாற்றலாம் என்று இரண்டு பேருக்கும் போட்டுவிட்டேன். பிள்ளை தாயின் சேலையைக் கடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். மீதிக் குப்பிகளை ஈரத்துணியில் சுற்றிப் புது மண்பானைக்குள் வைத்து, பானையை ஈர மணலில் புதைத்தேன்.

அந்தப் பிள்ளையின் அப்பா மீன்பிடி லாஞ்சியில் என்ஜின் டிரைவர். விஷயத்தைச் சொன்னதும் ஸ்பானர் பையோடு வந்துவிட்டார்.

“டீசல் என்ஜினு நமக்கு அத்துப்படி நர்சம்மா. இந்தக் கேஸ் கருமத்தை நான் தொட்டதில்ல. என்ன செய்யுதுன்னு காட்டுங்க.”

காட்டினேன். பட்டனை அழுத்தினால் தீ பிடிக்கிறது. அழுத்தியிருக்கும்வரை எரிகிறது. விரலை எடுத்ததும் டக்கென்று ஒரு சத்தம், தீ இல்லை. பத்துத் தடவை செய்தோம். பத்துத் தடவையும் அப்படியே.

முதலில் காற்று என்று நினைத்தோம். ஜன்னலை அடைத்து, சாக்கைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். அணைந்தது. சிலிண்டரில்தான் கோளாறோ என்று அதை ஆட்டிப் பார்த்தார்; கனமாகத்தான் இருந்தது. பிறகு தீயைக் கவனித்தார். “நீலமா இல்லியே, மஞ்ச தட்டுதே” என்று கேஸ் வருகிற சின்ன மூக்கைக் கழற்றினார். துவாரத்தில் துருப்பொடி அடைத்திருந்தது. ஸ்டவ் பின்னைக் கொண்டு குத்தினால் துவாரம் பெரிதாகிவிடுமென்று வாயால் ஊதி, மண்ணெண்ணெயில் கழுவி மாட்டினார். தீ நீலமாக, நிமிர்ந்து எரிந்தது. எனக்கு உயிர் வந்தது. விரலை எடுத்தேன். அணைந்தது.

அவர் தரையில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். “மாதாவே, எம்புள்ளைய இப்படிச் சோதிக்கியே” என்றார்.

பட்டனை அழுத்திக் கட்டிவிடலாமா என்று கேட்டேன்.

“வேண்டாம். காத்துல தீ அணைஞ்சா கேஸ் ரூம் முழுக்க நெறஞ்சிரும். ஆள் இருந்து பிடிச்சாத்தான் உண்டு.”

அதனால் பிடித்தோம். நான் கொஞ்ச நேரம், அவர் கொஞ்ச நேரம், பிள்ளையின் தாய் கொஞ்ச நேரம். அவளுக்குக் கடிபட்டது வலது கை. இடது கையால் அழுத்திக்கொண்டு, தீயிலிருந்து கண்ணை எடுக்காமல் குத்தவைத்திருந்தாள். விரல் நுனி வெளுத்து மரத்துப்போகும்.

என் முறை வந்தபோது தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு பார்த்தேன். தீக்குள் நுனியை நீட்டியபடி ஒரு சின்னக் குச்சி இருந்தது. அதன் வாலிலிருந்து மெல்லிய செம்புக் குழாய் வளைந்து வளைந்து பட்டனுக்குப் பின்னால் போய் ஒரு திருகில் முடிந்தது. அதன் வழியாகக் கேஸ் வரவில்லை. பின்னே எதற்கு அது? என் விரல் இருக்கும்வரை விரல் பிடிக்கிறது. விரல் போனபிறகு வேறு எதுவோ பிடிக்க வேண்டும். தீ இருக்கிறதா இல்லையா என்று அந்தக் குச்சிதான் தெரிந்து சொல்ல வேண்டும். தீயில் அது சிவக்கச் சூடேறிக்கொண்டுதான் இருந்தது. அப்படியானால் சொன்னது மறுமுனைக்குப் போய்ச் சேரவில்லை.

“இது முடியுத எடத்தைக் கழட்டிப் பாருங்களேன்” என்றேன்.

கழற்றினார். முனையில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. உப்புக்காற்று அந்த ஊரில் எதையும் விட்டுவைக்காது. “பேட்டரி முனை மாதிரில்லா இருக்கு” என்றார். உப்புத்தாளால் இரண்டு பக்கமும் பளபளக்கத் தேய்த்து, துணியால் துடைத்து இறுக்கினார். நான் அழுத்தினேன். அவர் தீக்குச்சியைக் காட்டினார். மனசுக்குள் நூறு எண்ணினேன்.

“எடுங்க” என்றார்.

எடுக்க முடியவில்லை. அவர்தான் என் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக விலக்கினார். தீ நின்றது.

பாலம் திறந்ததும் டாக்டர் வந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, ஒரு நாள் சூட்டில் இந்த மருந்து கெடாது என்றார். ஆனாலும் கொண்டுவந்திருந்த புது மருந்தைக் கொடுத்தார். பதினாலு ஊசியும் முடிந்தன. பிள்ளையின் கன்னம் ஆறி, தழும்பு மட்டும் இருந்தது. தழும்பைத் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டு தெருவில் திரிந்தாள்.

எட்டு நாள் கழித்து அவளுக்குக் காய்ச்சல் வந்தது. தழும்பு காந்துகிறது என்று தேய்த்துக்கொண்டே இருந்தாள். மாத்திரை விழுங்க டம்ளரில் தண்ணீர் கொடுத்தேன். டம்ளர் உதட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் அவள் தொண்டை இழுத்துக்கொண்டது. டம்ளரைத் தட்டிவிட்டு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையில் கொட்டிய தண்ணீரைப் பார்த்தேன். அதற்கப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். டவுன் ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் இறந்துபோனாள்.

முகத்தில் கடித்தால் ஊசி முந்துவதற்குள் நோய் முந்திக்கொள்ளும், உன்மேல் தப்பில்லை என்று டாக்டர் சொன்னார். தாய் பிழைத்திருக்கிறாளே, அவளுக்கும் அதே மருந்துதானே என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனாலும் பிரிட்ஜின் மூடியைத் திறந்து பார்ப்பேன், எரியும். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி பார்ப்பேன்.

ஒரு மாதம் கழித்து அந்தத் தாய் தனியாக வந்தாள். பெஞ்சில் உட்காரவில்லை.

“உண்மையச் சொல்லுங்க. அன்னைக்கு ஊசி கெட்டுப் போச்சா?”

“கெடலைன்னு டாக்டர் சொல்லுதாரு. எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு தெரியும். முந்தின நாள் தீயப் பத்தவச்சிட்டு, நிக்குதான்னு நான் பாக்கல. பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்.”

திட்டுவாள், அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். “சரி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். கொஞ்ச நாளில் அவள் புருஷனுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு தூத்துக்குடிக்குப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

நானும் அங்கே நீடிக்கவில்லை. தூத்துக்குடியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டு மூன்று வருஷம் ஓடியிருக்கும். ஒரு நாள் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும்போது, வரிசையில் அவள் நின்றாள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. ஊசி போட நாங்கள் இரண்டு பேர் இருந்தோம். அடுத்த மேஜையில் ஆளே இல்லை.

“அங்கன போங்க, அங்க சீக்கிரம் ஆயிரும்” என்றேன்.

“இல்ல நர்சம்மா, நீங்களே போடுங்க” என்றாள்.

குழந்தையை மடியில் வைத்து, தொடையை அசையாமல் பிடித்துக்கொண்டாள். மருந்துக் குப்பியைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்றிருந்தது; மறுபடியும் தொட்டுப் பார்த்தேன். நான் பார்த்து முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.